மூன்றைப் போட்டுப் பாருங்க சார்

மாதிரித் தேர்வின் விடைத்தாள் என் கைக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது மொத்த மதிப்பெண் அல்ல, ஒரு சுழியம். சிவப்பு மையில், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, இரண்டு சுற்று சுற்றிப் போட்ட சுழியம்.

அதன் பக்கத்தில் நான் எழுதியிருந்த கடைசி வரி: ‘தீர்வு இல்லை.’ அதற்குக் கீழே சாரின் கையெழுத்து: ‘இப்படி ஒரு விடை கணக்கில் கிடையாது.’

எங்கள் டுடோரியல் காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள மாடி. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுகிறவர்களுக்கு மாலை ஆறு மணிக்கு வகுப்பு. கீழே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போனால் கரும்பலகை நடுங்கும். சார் போடுகிற பின்னக்கோடு பாதியில் வளைந்துவிடும்.

மொத்தம் முப்பத்து மூன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். அந்த ஒரு கணக்குக்கு ஐந்து மதிப்பெண்.

“முப்பத்தஞ்சுக்குக் கீழ வாங்கினவங்க இந்தத் தடவை கணக்கு எழுத வேண்டாம்” என்றார் சார். “மத்த பாடம் எழுதுங்க. கணக்கை அடுத்த தடவை பாத்துக்கலாம். நம்ம சென்டர்ல நூறு சதவீதம் பாஸ். அதைக் கெடுக்க வேணாம்.”

நாங்கள் பணம் கட்டிப் படிக்க வந்தது, அவருடைய நூறு சதவீதத்தைக் காப்பாற்றத்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு அவசரம் இருந்தது

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் யாரென்று தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: திருவொற்றியூரில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நான் உதவியாளர். அரிசி களைவது, காய் நறுக்குவது, முட்டை உரிப்பது, பாத்திரம் கழுவுவது என் வேலை.

எங்கள் அமைப்பாளர் அம்மா அடுத்த கோடையில் ஓய்வு பெற இருந்தார். அந்த இடத்துக்கு மனுப் போடப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நான் படித்தது ஒன்பதாவது. அமைப்பாளர் அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு வருகைப் பதிவு, இருப்புப் பதிவு எல்லாம் நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வேலையை நான் செய்யலாம், நாற்காலியில் மட்டும் உட்காரக் கூடாது.

அடுத்த தடவை என்று சார் சுலபமாகச் சொன்னார். அடுத்த தடவைக்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருடமே நான் கணக்கு எழுதியாக வேண்டும். என் கவலை அது ஒன்றுதான்.

வாசகர் ஒருவர் போன மாதம் கடிதம் எழுதியிருந்தார். “சோறு பொங்குகிறவருக்கு அல்ஜீப்ரா எதற்கு அம்மா?” என்று. அன்பாகத்தான் கேட்டிருந்தார். அன்பாகக் கேட்பதால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி ஆகிவிடாது ஐயா.

தண்ணீர்ப் பானை

ஒன்பதாவது படித்தபோது நான் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இருந்தேன். அப்பா படகுத்துறையில் வலை ஏற்றி இறக்குகிறவர். எங்களைப் போன்ற பெண்கள் எல்லாம் கடைசி இரண்டு பெஞ்சு. உட்காரச் சொன்னது யார் என்று தெரியாது. முதல் நாளே அப்படித்தான் உட்கார்ந்தோம்.

ஆசிரியர் அறைப் பானையில் தண்ணீர் நிரப்புவது கடைசி பெஞ்சின் வேலை. அதைச் செய்யும் நேரம் கணக்குப் பாடவேளை. அடிபம்பு தெருமுனையில் இருந்தது. வரிசையில் நின்று, அடித்து, குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பும்போது கரும்பலகையில் பாதிக் கணக்கு முடிந்திருக்கும். மீதிப் பாதியில் x எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

பின்னத்தின் கீழே x வருகிற கணக்கை நடத்திய வாரம் முழுவதும் நான் அடிபம்பில் இருந்தேன். பிறகு பரீட்சையில் அது வந்தது. “உனக்கெல்லாம் இது ஏறாது” என்றார் டீச்சர். ஏறாததற்குக் காரணம் அவர் குடித்த தண்ணீர். இதை அன்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

நான் எதையுமே சொல்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போனால்கூட “நிறுத்துங்க” என்று கத்த மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பேன்.

நூற்று ஐம்பது முட்டை

டுடோரியலில் சார் அந்தப் பாடத்தைத் தொட்டித் தண்ணீரில் தொடங்கினார். ஒரு குழாய் தொட்டியை இத்தனை மணியில் நிரப்பும், இன்னொரு குழாய் இத்தனை மணியில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் என்று.

கன்டெய்னர் லாரி ஓட்டுகிற பாபு பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “சார், எங்க கொருக்குப்பேட்டைல ரெண்டு கொயாயும் ஒண்ணா தொறந்தா ரெண்டுலயும் காத்துதான் வரும் சார்!”

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “கணக்குல தண்ணி வரும். எழுதுங்க” என்றார்.

எழுதினேன். புரியவில்லை. 1/x என்றால் என்ன என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. அது புரிந்தது சமையல்கூடத்தில்.

நானும் மல்லிகாவும் தினமும் நூற்று ஐம்பது முட்டை உரிப்போம். மல்லிகா இன்னொரு உதவியாளர், வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. நான் தனியாக உரித்தால் அரை மணி. அவள் தனியாக உரித்தால் என்னைவிடக் கால் மணி அதிகம். இரண்டு பேரும் சேர்ந்து உரித்தால் பதினெட்டு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பல நாள் உரித்திருக்கிறோம்.

ஒரு நாள் என் அரை மணியை மட்டும் தெரியாததுபோல x என்று மறைத்து வைத்தேன். கணக்கு அதைக் கண்டுபிடிக்கிறதா, பார்ப்போம்.

ஒரு நிமிடத்தில் நான் முடிப்பது மொத்த வேலையில் 1/x. மல்லிகா முடிப்பது 1/(x + 15). இரண்டும் சேர்ந்து 1/18. அரிசி மூட்டையின் மேல் நோட்டை வைத்து எழுதினேன்.

முதல் தடவை, கீழே இருந்ததைக் கீழே இருந்ததோடு கூட்டிவிட்டேன். விடை கன்னாபின்னாவென்று வந்தது. பிறகு, கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான மடங்கால் சமன்பாடு முழுவதையும் பெருக்கினேன். பின்னக்கோடுகள் எல்லாம் போய்விட்டன. மிச்சம் நின்றது இது:

x² – 21x – 270 = 0

காரணிப்படுத்தினால் x = 30, அல்லது x = –9.

முப்பது! என் அரை மணி! சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே கணக்கு என் கையைப் பார்த்துச் சொல்லிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது வருடத்துக்கு முன் எனக்கு ஏறாது என்று டீச்சர் சொன்னது இதைத்தான்.

மல்லிகா நோட்டை எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, மைனஸ் ஒம்போதுன்னு வேற ஒண்ணு கீது?”

“அதுவும் விடைதான்.”

“மைனஸ் ஒம்போது நிமிசத்துல உரிக்கிறதா? அப்டின்னா கோயி முட்டை போடசொல்லவே ஓடு இல்லாம போட்டாத்தான் உண்டு.”

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். கணக்கு கொடுக்கிற விடையையெல்லாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. சிலதைத் தூக்கி எறிய வேண்டும்.

அடியிலிருந்து ஒரு கரண்டி

எங்கள் கூடத்தில் ஒரு முறை உண்டு. குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத் தனி நோட்டு இருக்கிறது.

ஒரு முறை அண்டாவின் மேலாக ஒரு கரண்டி எடுத்து, தட்டில் போட்டு, ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். உப்பு அடியில் கட்டியாகக் கிடந்தது. முதல் வரிசைக் குழந்தைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். கடைசி வரிசைக் குழந்தைகள் வாயில் வைத்ததும் துப்பினார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் துப்பாமல், கண்ணில் நீரோடு விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த முகம் எனக்கு மறக்காது.

அதிலிருந்து நான் தட்டிலிருந்து ருசி பார்ப்பதில்லை. அண்டாவைக் கிளறி, அடியிலிருந்து எடுப்பேன்.

கணக்கிலும் எனக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. விடை கிடைத்ததும் அதை முதல் வரியில் போட்டுப் பார்ப்பேன். நடுவில் சுருக்கிய வரியில் பார்ப்பது தட்டிலிருந்து ருசி பார்ப்பது மாதிரி. கேள்வி இருப்பது முதல் வரியில்தான். அதுதான் அண்டா.

மாதிரித் தேர்வில் வந்த அந்தக் கணக்கு இது:

x/(x – 3) = 2 + 3/(x – 3)

இருபுறமும் x – 3 ஆல் பெருக்கினால், x = 2x – 3. அதாவது x = 3. வகுப்பில் எல்லாரும் அங்கே நிறுத்திவிட்டார்கள். நான் மூன்றை எடுத்துக்கொண்டு முதல் வரிக்குப் போனேன். கீழே x – 3 என்பது மூன்று கழித்தல் மூன்று, சுழியம். சுழியத்தால் வகுக்க முடியாது. இருந்ததே ஒரு விடை, அதுவும் கெட்டுப்போன விடை. வேறு விடையும் இல்லை.

‘தீர்வு இல்லை’ என்று எழுதினேன். அதற்குத்தான் அந்தச் சுழியம்.

“வாயில இன்னா வெச்சிகினு கீற?”

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கை காட்டுகிற வேலை. பெட்டி எங்கே இறங்க வேண்டும் என்று கீழே நின்று காட்டுவார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

“இன்னாமே, மூஞ்சி தொங்கிகினு கீது?”

“சைபர் போட்டுட்டாரு.”

“தப்பா எய்தினியா?”

“இல்ல. நான் எய்தினதுதான் சரி.”

“அப்ப கேக்க வேண்டியதுதான? வாயில இன்னா வெச்சிகினு கீற?”

“வாத்தியாரு அவரு. எப்டி கேக்கறது?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “தோ பாரு. மேல குந்திகினு கீறவனுக்குக் கீய இருக்கறது தெரியாது. நான் கைய ஆட்டலன்னா பொட்டி எவன் தலையிலயாவது எறங்கிடும். அவன் ஆபரேட்டராச்சே, நாம எப்டி சொல்றதுன்னு நான் கம்முனு இருந்தா இன்னா ஆவும்?”

நான் விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான் எழுந்து நின்ற நாள்

மறுநாள் சார் மாதிரித் தேர்வின் கணக்குகளைப் பலகையில் போட்டார். அந்தக் கணக்கு வந்தது. x = 3 என்று எழுதி, இரண்டு கோடு அடித்தார்.

எழுந்தேன். பையில் மடித்து வைத்திருந்த விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“சார். மூன்றைப் போட்டுப் பாருங்க சார்.”

“என்னம்மா?”

“விடைய... போட்டுப் பாருங்க.”

அவர் பெருமூச்சு விட்டு, கடைசிக்கு முந்திய வரியில் போட்டார். “x = 2x – 3. மூணு சமம் ஆறு கழித்தல் மூணு. மூணு சமம் மூணு. சரியா இருக்கா? உக்காருங்க.”

“அங்க இல்ல சார். முதல் வரியில.”

சார் முதல் வரியைப் பார்த்தார். சாக்பீஸ் கையில் நின்றது. போடவில்லை.

“போடுங்க சார், நாங்களும் பாக்கறோம்” என்றார் பாபு. அவர் மூன்று என்று எழுதி ஐந்து மதிப்பெண் முழுவதும் வாங்கியவர்.

“அதெல்லாம் ரொம்ப ஆழமாப் போகுது. நம்ம லெவலுக்கு இது போதும். கைடுல மூணுன்னுதான் போட்டிருக்கு.”

நம்ம லெவல்! அந்தச் சொல் கேட்டதும் என் காதில் அடிபம்பின் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் பேசியதை எண்ணிப் பார்த்தால் இன்றும் எனக்கே நம்ப முடியவில்லை.

“ஆழமெல்லாம் இல்ல சார். வலது பக்கம் மேல மூணு, கீழ x மைனஸ் மூணுன்னு இருக்கற பின்னத்தை இடது பக்கம் கொண்டாங்க. மேல x மைனஸ் மூணு, கீழயும் x மைனஸ் மூணு. அது ஒண்ணு. அந்தப் பக்கம் ரெண்டு. ஒண்ணும் ரெண்டும் சமம்னு வருது. எங்க கூடத்துல ஒரு முட்டை குடுத்துட்டு ரெண்டுன்னு எழுதினா வேலை போயிடும் சார். இங்க அப்டி எழுதினாத்தான் அஞ்சு மார்க்கா?”

பாபு மேசையைத் தட்டினார். “அக்கா சொல்றது கரீட்டு சார்! எனுக்குப் போட்ட அஞ்ச எடுத்துகினு அவங்களுக்குக் குடு சார்!”

சாரின் முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

“சரிம்மா. உங்க வயசுக்கும் ஆர்வத்துக்கும் அஞ்சு மார்க் போட்டுடறேன்.” என் தாளை வாங்கி, 33-ஐ அடித்து 38 என்று எழுதினார். பக்கத்தில் ‘கருணை 5’ என்று போட்டார். “ஆனா ஒண்ணு. கருணை மார்க்குல பாஸ் ஆனவங்களைக் கணக்கு எழுத அனுப்ப முடியாது. ரூல்.”

“கருணைய அடிச்சிடுங்க சார். அது என் மார்க்கு.”

அடிக்கவில்லை. “கிளாஸ் டைம் போகுது” என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். படியில் இறங்கும்போது அழுகை வந்தது. அழுதது தோற்றதற்காக அல்ல. தப்பு அவருடையது, கருணை எனக்கா?

பிறகு நடந்தது

டுடோரியல் அனுப்பாவிட்டால் தேர்வே எழுத முடியாது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி நினைக்க வைத்திருந்தார்கள். அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்துக்கு நாமே போய் விண்ணப்பிக்கலாம் என்று மல்லிகாவின் தம்பி சொன்னான். மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுப் போனேன். கணக்கையும் சேர்த்து எல்லாப் பாடத்துக்கும் பெயர் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் வயதைக் கேட்கவே இல்லை. “போட்டோ ரெண்டு” என்றாள். அவ்வளவுதான்.

மீதி நாட்கள் அரிசி மூட்டைமேல் நோட்டை வைத்துப் படித்தேன். தேர்வில் ஒவ்வொரு விடையையும் முதல் வரியில் போட்டுப் பார்த்தேன். கணக்கில் அறுபத்தொன்று. அமைப்பாளர் இடத்துக்கு மனுவும் கொடுத்துவிட்டேன். அது முடிவாகும்போது முடிவாகட்டும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் கோபத்தை மறந்திருப்பேன்.

தேர்வு முடிவு வந்த வாரம் மல்லிகா ஓடி வந்தாள். “அக்கா, பஸ் ஸ்டாண்டாண்ட உன் மூஞ்சி தொங்குது!”

போய்ப் பார்த்தேன். டுடோரியலின் பிளெக்ஸ் பேனர். நூறு சதவீதத் தேர்ச்சி. நடுவில், சேர்க்கைக்காக நான் கொடுத்த படம், பெரிதாக்கப்பட்டு, மூக்குத்தி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. கீழே ‘எங்கள் சாதனை மாணவி. கணிதம் 61’.

மாடிக்குப் போய்க் கேட்டேன்.

“உங்களுக்கும் பெருமைதானம்மா” என்றார் சார். “விடுங்க. பேனர் போட்டாச்சு.”

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், மல்லிகாவும் நானும் காய் நறுக்குகிற கத்தியால் நான்கு மூலைக் கயிறுகளையும் அறுத்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் “இன்னாம்மா, வூட்டுக் கூரைக்கா?” என்றார். எங்கள் பக்கம் பழைய பேனரெல்லாம் கடைசியில் கூரையாகத்தான் போகும்.

“இல்லண்ணா, கணக்குப் போட” என்றாள் மல்லிகா.

பேனரின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அரிசி மூட்டைக்குக் குறி போடுகிற தடித்த மார்க்கரால் அந்தச் சமன்பாட்டை எழுதினேன். கீழே, ‘மூன்று என்பது விடை அல்ல. முதல் வரியில் போட்டுப் பாருங்கள்’ என்று எழுதினேன். என் முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி, அதே இடத்தில், அதே கயிற்றால் கட்டினோம்.

மூன்று நாள் தொங்கியது. பஸ்ஸுக்கு நின்ற பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிப் பார்த்தார்களாம். இரண்டாம் நாள் பாபு லாரியை ஓரம் கட்டி இறங்கி, அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருந்தார்: ‘போட்டுப் பாத்தேன். அக்கா கரீட்டு.’

நான்காம் நாள் யாரோ கழற்றிவிட்டார்கள். பரவாயில்லை. அந்த விடைத்தாள் என்னிடம்தான் இருக்கிறது. ‘கருணை’ என்ற சொல்லை நானே அடித்துவிட்டேன்.